ஃபார்ம்ல வர்றதையெல்லாம் நம்பலாமா பாஸ்?

இந்த வாரம் உங்களைக் கூட்டிட்டுப் போகப்போற இடம் போடிமெட்டு. ஸ்வெட்டர் எடுத்துக்கங்க. முந்தல் தாண்டினதும் ரோடு மேல ஏற ஆரம்பிக்கும். 17 கொண்டை ஊசி வளைவு. வயிறு பத்திரம். மேல போய்ச் சேர்ந்தா பனி, டீக்கடை, செக்போஸ்ட். இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளா.

'டூர் கட்டுரையா?'னு குஷியாகாதீங்க. இது நான் பல்பு வாங்கின கதை. என் பல்போட போயிருந்தா பரவாயில்லை. இன்னொருத்தங்க மானம் போச்சு. அதான் எழுதுறேன்.

எங்க ஊர் போடி. தினமும் விடியக்காலையில நூத்துக்கணக்கான பொம்பளைங்க ஜீப்ல நெருக்கியடிச்சு உக்காந்து மெட்டு ஏறி, கேரளா பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போவாங்க. எங்க அத்தையும் அதுல ஒருத்தர். அவங்க போற தோட்டத்துல கணக்கு எல்லாம் ஒரு நீள நோட்டுல. யார் எத்தனை கிலோ பச்சைக்காய் எடுத்தாங்க, நாள் கூலி எவ்வளவு, அளவுக்கு மேல எடுத்த காய்க்கு கிலோ கணக்குல எவ்வளவு, முன்பணம் எவ்வளவு வாங்கியிருக்காங்க... எல்லாம் கணக்கப்பிள்ளையோட கோழிக்கிறுக்கல்.

"எங்க அண்ணன் மக கம்ப்யூட்டர் படிக்குது"ன்னு அத்தை பெருமையா அவுத்துவிட, கணக்கப்பிள்ளை "செல்லுல பாக்குற மாதிரி ஒண்ணு செஞ்சு குடும்மா"ன்னு கேக்க, தேர்டு இயர் ஐ.டி. படிக்கிற நான் சும்மா இருப்பேனா? செமஸ்டர் லீவுல உக்காந்து பதினஞ்சே நாள்ல ஒரு வெப் அப்ளிகேஷன் ரெடி. ஒவ்வொருத்தர் வாட்ஸ்அப்புக்கும் ஒரு லிங்க். தொட்டா அவங்க கணக்கு வரும். கலர் எல்லாம் சூப்பர். அத்தைக்கு ஒரே பூரிப்பு.

பதினோராம் நாள் அந்தப் பூரிப்பு காலி.

பதினேழை பதினெட்டா மாத்தினா?

நான் அனுப்பின லிங்க்கோட கடைசியில ஒரு நம்பர் இருக்கும். அத்தைக்கு 17. அவங்க பக்கத்து சீட்ல வந்த ஒரு பையன் போனை வாங்கிப் பார்த்திருக்கான். கை சும்மா இருக்குமா? 17-ஐ அழிச்சிட்டு 18-னு போட்டிருக்கான். வேற ஒரு அக்காவோட கணக்கு அப்படியே வந்துடுச்சு. பேரு, கிலோ, கூலி... கடைசியில முன்பணம். மகளோட ஹாஸ்டல் ஃபீஸுக்காக அந்தக்கா வாங்கியிருந்த பெரிய தொகை. வீட்டுல மாமியாருக்குக்கூடத் தெரியாது. அவன் அதை ஜீப்புக்குள்ள சத்தமா வாசிச்சிட்டான்.

மறுநாள் அந்தக்கா வேற ஜீப்ல ஏறிட்டாங்க.

சாயங்காலம் அத்தை வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. "ஏ புள்ள, அந்த நோட்டு இத்தனை வருஷமா பூட்டி வெச்ச மேசைக்குள்ள இருந்துச்சு. நீ அதைத் தூக்கிட்டு வந்து ஜீப்புக்குள்ள விரிச்சு வெச்சிட்டியே."

அன்னிக்கு ராத்திரியே சைட்டை ஆஃப் பண்ணேன். அப்புறம் என் கோடை நானே முதல் வரியில இருந்து எதிரி மாதிரி படிச்சுப் பார்த்தேன். ஓட்டை ஒண்ணு இல்லை மக்களே, சல்லடை!

பெரிய இடத்துலயும் இதே பல்புதான்

ஆறுதலுக்கு ஒரு விஷயம். 2021 ஆகஸ்ட்ல தாம்பரத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருத்தர் ஐ.ஆர்.சி.டி.சி. சைட்ல டிக்கெட் போடப் போனார். சர்வருக்குப் போற கோரிக்கையில இருந்த டிரான்ஸாக்ஷன் நம்பரை மாத்திப் பார்த்தா, யாரோ ஒரு பயணியோட பேரு, வயசு, பி.என்.ஆர். எல்லாம் வந்திருக்கு. நினைச்சா அந்த டிக்கெட்டை கேன்சல்கூடப் பண்ணலாம்ங்கற நிலைமை. அவர் பண்ணலை. மத்திய அரசோட கம்ப்யூட்டர் அவசர உதவிக் குழுவான 'செர்ட்-இன்'னுக்கு எழுதிப் போட்டார். சில நாள்ல ஓட்டை அடைக்கப்பட்டுச்சு. பிளஸ் டூ பாஸ், பிளஸ் டூ!

அவர் கண்டுபிடிச்சதும் ஜீப்புல அந்தப் பையன் செஞ்சதும் ஒரே வகை. சர்வர், 'இந்த நம்பர் இருக்கா?'ன்னு மட்டும் பார்க்குது. 'இந்த நம்பரைப் பார்க்க இவருக்கு உரிமை இருக்கா?'ன்னு கேக்கலை. செக்போஸ்ட்ல வண்டியை மட்டும் பார்த்துட்டு, உள்ள யார் இருக்காங்கன்னு பார்க்காம விட்ட மாதிரி.

இதுக்கு மருந்து சிம்பிள். சர்வருக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விஷயத்தை பயனாளிகிட்ட கேக்காதீங்க. லாகின் பண்ணி உள்ள வந்தது அத்தைதான்னு சர்வரோட செஷன்ல இருக்கு. அதுல இருந்து 17-ஐ எடு. லிங்க்ல வர்ற நம்பரைத் திரும்பிக்கூடப் பார்க்காதே. கணக்கப்பிள்ளை மாதிரி பல கணக்கைப் பார்க்க வேண்டியவர் வந்தா, ஒவ்வொரு தடவையும் 'இவருக்கு அனுமதி உண்டா?'ன்னு கேட்டுட்டுக் கதவைத் திற.

பிரவுசர் நம்ம ஆள் இல்லை!

ரெண்டாவது ஓட்டையைப் பார்த்தப்ப எனக்கே சிரிப்பு வந்துச்சு. கிலோவுக்கு எவ்வளவு காசுங்கறதை ஃபார்முக்குள்ள 'ஹிட்டன்' ஃபீல்டா வெச்சிருந்தேன். கண்ணுக்குத் தெரியாதுல்ல, யார் மாத்தப் போறாங்கன்னு நினைப்பு. லேப்டாப் பிரவுசர்ல டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, அந்த ரேட்டை 50 பைசான்னு மாத்தி சேவ் கொடுத்தேன். சர்வர் 'நன்றி, பதிவாயிடுச்சு'ன்னு பல்லைக் காட்டுச்சு! யாராவது ஒரு விரல் வெச்சிருந்தா அம்பது குடும்பத்தோட கூலி போயிருக்கும்.

இங்கதான் விஷயம். நாம எழுதுற ஃபார்ம் போய் இறங்குறது அடுத்தவங்க போன்ல. அங்க போனதும் அது அவங்க சொத்து. ஜாவா ஸ்கிரிப்ட்ல நாம வெச்ச செக்கிங், டிராப் டவுன், ஹிட்டன் ஃபீல்டு எல்லாம் நல்ல மனுஷங்களுக்கு ஒரு உதவி, அவ்வளவுதான். கெட்ட எண்ணம் உள்ளவனுக்கு ஃபார்மே தேவையில்லை. கோரிக்கையைக் கையாலயே எழுதி நேரா சர்வருக்கு அனுப்பிடுவான்.

லிங்க்ல வர்றது, ஃபார்ம்ல வர்றது, குக்கியில வர்றது, அப்லோடு ஃபைலோட பேரு, பிரவுசர் தானா அனுப்புற ஹெட்டர்... எல்லாமே வெளியாள் எழுதின சீட்டுதான். 'ஹெட்டர்ல என்னப்பா வந்துடப்போகுது?'ன்னு கேக்குறீங்களா? 2017-ல அமெரிக்காவுல ஈக்விஃபாக்ஸ் கம்பெனியில இருந்து 14 கோடிக்கும் மேற்பட்டவங்க விவரம் களவு போச்சே, அதுக்கு வழி விட்டது 'கன்டென்ட் டைப்'ங்கற ஹெட்டர். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருள்ல இருந்த கோளாறால, அந்த ஹெட்டர்ல எழுதி அனுப்பினதை சர்வர் கட்டளையாவே ஓட்டிடுச்சு. கோளாறுக்கான ஒட்டு மார்ச் மாசமே வந்தாச்சு. கம்பெனிதான் எல்லா இடத்துலயும் போடலை.

சீனியர்ஸ்கிட்ட கேட்டா பி.எச்.பி.யோட பழைய 'ரிஜிஸ்டர் குளோபல்ஸ்' கதையைச் சொல்வாங்க. லிங்க்ல 'அட்மின் = 1'னு எழுதி அனுப்பினா, புரோகிராமுக்குள்ள அதே பேர்ல ஒரு வேரியபிள் தானா முளைச்சிடும். புரோகிராமர் அந்த வேரியபிளுக்கு முதல் மதிப்பு கொடுக்க மறந்திருந்தா, அனுப்பினவன்தான் அட்மின்! 2002-ல வந்த 4.2 பதிப்புல அதை டிஃபால்ட்டா ஆஃப் பண்ணாங்க. 2012-ல வந்த 5.4-ல அடியோட தூக்கிட்டாங்க. வெளியில இருந்து வர்றது வெளியில இருந்து வந்ததாவே தெரியணும். வீட்டு ஆள் மாதிரி வேஷம் போடக்கூடாது. நாலு வாசல்ல வர்றதையும் ஒரே பையில கொட்டி எடுக்காம, எது எந்த வாசல்ல வரணுமோ அங்க மட்டும் எடுக்கறதுதான் நல்லது.

வாசல்னதும் இன்னொண்ணு. 'கெட்' முறை பார்க்கறதுக்கு மட்டும். எதையாவது மாத்தவோ அழிக்கவோ 'போஸ்ட்'. 2005-ல கூகுள் 'வெப் ஆக்சிலரேட்டர்'னு ஒண்ணு விட்டுச்சு. பக்கத்துல இருக்கற லிங்க்கை எல்லாம் முன்கூட்டியே திறந்து வெச்சு வேகம் காட்டும். சில சைட்டுல 'டெலீட்' வெறும் லிங்க்கா இருந்துச்சு. அதையும் அது சமர்த்தா திறந்துச்சு. மிச்சத்தை நீங்களே யோசிச்சுக்கங்க. போஸ்ட்ல மாத்தினாலும் வேலை முடியலை. வேற சைட் ஒண்ணு பயனாளி பேர்ல கள்ளத்தனமா அனுப்பாம இருக்க, ஃபார்மோட ஒரு ரகசிய டோக்கன் வெச்சு, திரும்பி வரும்போது சரிபார்க்கணும். நல்ல ஃப்ரேம்வொர்க் எல்லாமே இதைக் கையிலயே கொடுக்குது. நாமதான் 'எர்ரர் வருது'ன்னு ஆஃப் பண்ணி வைக்கிறோம்!

எட்டு எம்.எம். சல்லடை

போடியில ஏலக்காயைத் தரம் பிரிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? எட்டு எம்.எம்., ஏழு எம்.எம்.னு கண் வெச்ச சல்லடை. 'எது வேண்டாம்?'னு ஒரு பட்டியல் போட்டு யாரும் தேடிட்டு இருக்க மாட்டாங்க. 'எது வேணும்?'னு முடிவு பண்ணி அதை மட்டும் எடுப்பாங்க. கெட்டது ஆயிரம் ரூபத்துல வரும். நல்லது எப்படி இருக்கும்னு மட்டும் எழுதி வெச்சா போதும்.

கிலோன்னா எண். பூஜ்யத்துக்கு மேல. ஒரு ஆள் ஒரு நாள்ல எடுக்கக்கூடிய அளவுக்குக் கீழ. நானும் செக் பண்ணேனே! 'பூஜ்யத்தைவிடக் கம்மின்னா நிராகரி, நூறைவிட அதிகம்னா நிராகரி'ன்னு பைத்தான்ல எழுதியிருந்தேன். ஆனா 'எண் அல்ல'ங்கற அர்த்தத்துல என்.ஏ.என்.னு மூணு எழுத்து அனுப்பினா, பைத்தான் அதையும் தசம எண்ணா ஏத்துக்கும். அது பூஜ்யத்தைவிடக் கம்மியும் இல்லை, நூறைவிட அதிகமும் இல்லை. ரெண்டு காவலையும் தாண்டி ஜாலியா உள்ள வந்துடும். அதையே 'பூஜ்யத்துக்கும் நூறுக்கும் நடுவுல இருந்தா மட்டும் ஏத்துக்கோ'ன்னு திருப்பி எழுதினா வெளியிலயே நின்னுடும். சல்லடை லாஜிக் புரியுதா?

வரம்பு வைக்கும்போது ஊர் நிலவரமும் தெரியணும். 2019 ஆகஸ்ட்ல ஏலத்துல ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டுச்சு. அதே காய் 1,000-க்குக் கீழயும் வித்திருக்கு. 'விலை 2,000-க்கு மேல போகாது'ன்னு நான் ஏ.சி. லேப்ல உக்காந்து எழுதியிருந்தா, உண்மையான விலையையே என் புரோகிராம் தள்ளிவிட்டிருக்கும்.

பேரு விஷயத்துல நான் வாங்கினது தனி பல்பு. 'எழுத்து மட்டும்தான் வரணும்'னு ஒரு ரூல் போட்டேன். 'பேச்சியம்மாள்'னு ஒரு பாட்டி பேரை அடிச்சா 'தவறான பெயர்'னு வருது! ஏன் தெரியுமா? யூனிகோடு கணக்குல 'ப', 'ச' எல்லாம் எழுத்து. ஆனா புள்ளியும் கொம்பும் காலும் 'எழுத்து' இல்லை, 'குறி'. அதையும் சேர்த்து அனுமதிக்கணும். நீளத்துலயும் அதே கூத்து. பேச்சியம்மாள் நமக்கு ஏழு எழுத்து, யூனிகோடுக்கு 13 குறியீடு, யூ.டி.எஃப்-8-ல 39 பைட். '20 பைட் போதும்'னு வெட்டினா பாட்டி பேர் பாதியில நிக்கும். பாதுகாப்புங்கற பேர்ல சொந்தப் பேரையே வெளிய நிறுத்துறது பாதுகாப்பு இல்லை ஃப்ரெண்ட்ஸ்.

செலான் டெக்னிக்

'ஒற்றை மேற்கோள் குறி வந்தா அழிச்சிடுவேன், எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன் வராது'ன்னு நம்ம செட்டுல பாதிப் பேர் சொல்றாங்க. அப்ப டி'சூசாங்கறவர் எங்க போவார்? அவர் பேர்லயே அது இருக்கே!

தப்பு மேற்கோள் குறியில இல்லை. பயனாளி எழுதினதை நம்ம கட்டளையோட ஒட்டி ஒரே வாக்கியமா டேட்டாபேஸுக்கு அனுப்புறோம் பாருங்க, அதுலதான். எது கட்டளை, எது தகவல்னு அதுக்கு எப்படித் தெரியும்? இந்த வித்தை 1998-லயே 'ஃப்ராக்' இதழ்ல எழுதப்பட்டாச்சு. 17 வருஷம் கழிச்சு, 2015-ல, இங்கிலாந்துல டாக்டாக் கம்பெனியில இதே வழியாப் புகுந்து 1,56,959 வாடிக்கையாளர் விவரத்தை எடுத்துட்டாங்க. மறுவருஷம் கம்பெனிக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம்.

பேங்க் செலானை நினைச்சுக்கங்க. அச்சடிச்ச கட்டம். 'பெயர்' கட்டத்துல நீங்க 'எனக்கு ஒரு கோடி கொடு'ன்னு எழுதினாலும் அது பேராத்தான் எடுத்துக்கப்படும், உத்தரவா இல்லை. 'ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்'டும் அதேதான். கட்டளை முதல்ல தனியா போயிடும், காலிக் கட்டங்களோட. தகவல் அப்புறம் கட்டத்துக்குள்ள உக்காரும். டி'சூசாவும் ஹேப்பி, டேட்டாபேஸும் ஹேப்பி.

உள்ள வந்ததைத் திரும்பத் திரையில காட்டும்போதும் உஷார். 2005 அக்டோபர்ல சாமி கம்கார்ங்கற 19 வயசுப் பையன் மைஸ்பேஸ்ல தன் ப்ரொஃபைலுக்குள்ள ஒரு ஸ்கிரிப்டை ஒளிச்சு வெச்சார். பார்த்தவங்க எல்லாம் தானாவே அவருக்கு ஃப்ரெண்ட். பார்த்தவங்க ப்ரொஃபைல்லயும் அதே ஸ்கிரிப்ட். ஒரு நாளுக்குள்ள பத்து லட்சம் பேரைத் தாண்டிடுச்சு. அதனால திரைக்குப் போற எதையும் வெறும் எழுத்தா மாத்தி, அதாவது எஸ்கேப் பண்ணித்தான் காட்டணும்.

நாலு நம்பர் போதுமா?

என் புது வெர்ஷன்ல ஒவ்வொருத்தருக்கும் நாலு இலக்க 'பின்' கொடுத்தேன். கெத்தா காலரைத் தூக்கி விட்டுக்கிட்டப்ப எங்க சீனியர் ஒருத்தர் கேட்டார், "நாலு இலக்கம்னா மொத்தம் பத்தாயிரம்தானே? ஒரு சின்ன புரோகிராம் எழுதி எல்லாத்தையும் அடிச்சுப் பார்த்தா?"

கரெக்ட். இதுக்கும் நம்ம ஊர்க்காரர் கதை இருக்கு. சென்னையைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் லக்ஷ்மண் முத்தையா, 2019-ல இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை மீட்க வர்ற ஆறு இலக்க எண்ணை ஆராய்ஞ்சார். மொத்தம் பத்து லட்சம் வாய்ப்பு, ஆயுள் பத்து நிமிஷம். ஒரே இடத்துல இருந்து அடிச்சா தடுக்குது. ஆயிரம் ஐ.பி. முகவரியில இருந்து ஒரே நேரத்துல அனுப்பினா ரெண்டு லட்சம் முயற்சி உள்ள போகுது! கம்பெனிகிட்ட சொன்னார். 30,000 டாலர் பரிசு. ஆக, முயற்சியை எண்ணும்போது 'எங்கிருந்து வருது'ன்னு மட்டும் எண்ணக்கூடாது, 'யார் கணக்கைத் தட்டுது'ன்னும் எண்ணணும். என் சைட்ல இப்ப அஞ்சு தப்புக்கு மேல போனா அந்தக் கணக்கு பூட்டிக்கும். கணக்கப்பிள்ளை ஆளை நேர்ல பார்த்துத்தான் திறப்பார். நம்ம அளவுக்கு அது போதும்.

கோடு எழுதறதுக்கு முன்னாடி

* லிங்க், ஃபார்ம், குக்கி, ஹெட்டர், ஃபைல்: எல்லாமே வெளியாள் சீட்டு.
* ரேட், அனுமதி, 'நீ யார்'ங்கறது எல்லாம் சர்வர்ல இருந்து எடு; ஃபார்ம்ல இருந்து எடுக்காதே.
* வகை, நீளம், வரம்பு மூணையும் சர்வர்லயே பார். சந்தேகம்னா நிராகரி, நீயா திருத்திப் போடாதே.
* டேட்டாபேஸுக்கு ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட், திரைக்கு எஸ்கேப்.
* ஒவ்வொரு கோரிக்கைக்கும் 'இவருக்கு இது உரிமையா?'

முக்கியமான இன்னொண்ணு. இதைப் படிச்சிட்டு யார் சைட்லயாவது நம்பரை மாத்தி விளையாடக் கிளம்பிடாதீங்க. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவுல 3 வருஷம் வரை ஜெயில், இல்லைன்னா 5 லட்சம் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டுமே உண்டு. சோதிக்கணும்னா சொந்த சைட்ல சோதிங்க. மத்தவங்க சைட்ல தற்செயலா கண்ணுல பட்டா, அங்கயே நிறுத்திட்டு அவங்களுக்கோ செர்ட்-இன்னுக்கோ எழுதுங்க. தாம்பரம் பையன் செஞ்ச மாதிரி.

சைட்டை மறுபடி ஆன் பண்றதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, அத்தையைக் கூட்டிட்டு அந்தப் பதினெட்டாம் நம்பர் அக்கா வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னுதுதான்க்கா"ன்னேன். "விடு பாப்பா"ன்னு காபித்தண்ணி கொடுத்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டாங்க, "இப்ப என் கணக்கை யாரெல்லாம் பாக்க முடியும்?"

"நீங்களும் கணக்கப்பிள்ளையும்தான்க்கா."

"நீ?"

டக்குனு பதில் வரலை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு என்கிட்டதானே இருக்கு! "நானும் பாக்கலாம்க்கா"ன்னு ஒத்துக்கிட்டேன்.

"அப்ப மூணு பேர்னு சொல்லு"ன்னாங்க. லேசா சிரிச்சாங்க. ஆனா அந்தக்கா இன்னும் பழைய ஜீப்புக்குத் திரும்பலை. கணக்கையும் நோட்டுலயே பார்த்துக்கிறேன்னுட்டாங்க. சரின்னு அவங்க வரியை சைட்ல இருந்து எடுத்துட்டேன்.

உங்க மினி புராஜெக்ட்டைத் திறங்க. அந்தக்கா கேட்ட கேள்வியை அதுகிட்ட கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எழுதிப் போடுங்க. அடுத்த வாரம், அந்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டை எங்க ஒளிச்சு வைக்கிறதுன்னு பார்க்கலாம். டாட்டா!